விக்கா: பழையது போலத் தெரியும் ஒரு புதிய மதம்

சினிமாவையும் இன்ஸ்டாகிராமையும் பார்த்து விக்காவைப் பற்றி நம் ஊரில் இரண்டு விதமான எண்ணம் உண்டு. நடுராத்திரியில் கறுப்பு உடை போட்டுக்கொண்டு சாத்தானைக் கும்பிடுகிற கூட்டம் என்பது ஒன்று. மெழுகுவத்தி, பளபளக்கும் கல், காய்ந்த மூலிகை என்று அழகாக அடுக்கிப் படம் போடும் பெண்கள் என்பது இன்னொன்று. முதலாவது சுத்தத் தவறு. இரண்டாவது வெறும் மேல்பூச்சு. விக்கா என்பது இங்கிலாந்தில் 1940, 50களில் உருவெடுத்த ஒரு மதம். மதம் என்றால் மதமேதான்: தெய்வங்கள் உண்டு, சடங்கு உண்டு, பண்டிகை உண்டு, தீட்சை உண்டு. சாத்தானுக்கு அதில் இடமே இல்லை, ஏனென்றால் அவர் கிறித்தவக் கதையில் வருபவர், அந்தக் கதையையே ஏற்காதவர்கள் அவரை மட்டும் எதற்காகக் கும்பிடப் போகிறார்கள்?

இதோடு சேர்த்துப் பேசப்படும் இன்னொரு விஷயம் பெண்ணியத் தேவி வழிபாடு. அது 1970களில் அமெரிக்கப் பெண்கள் இயக்கத்துக்குள்ளிருந்து வந்தது. கடவுளை ஏன் எப்போதும் ‘அவன்’, ‘தந்தை’, ‘ராஜா’ என்றே கூப்பிட வேண்டும் என்று கேட்டவர்கள் தொடங்கியது. இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வதுதான் புதிதாகப் படிக்க வருகிறவர்கள் எல்லோருக்கும் நடப்பது, அதில் அவர்கள் தப்பும் இல்லை, ஏனென்றால் இரண்டாவது வழி முதலாவதின் சடங்குகளை அப்படியே வாங்கிக்கொண்டுதான் வளர்ந்தது. ஆனால் முதலாவதை வடிவமைத்தவர் ஓய்வுபெற்ற ஒரு சுங்க அதிகாரி, இரண்டாவதை வடிவமைத்தவர்கள் கோபமாக இருந்த பெண்கள். தேவைகளே வேறு வேறு.

முதலில் அந்த சுங்க அதிகாரியைப் பார்த்துவிடலாம். ஜெரால்ட் கார்ட்னர், 1884இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் மர வியாபாரம் செய்த பணக்காரக் குடும்பத்தில் பிறந்தவர். சின்ன வயதிலிருந்தே கடுமையான ஆஸ்துமா. அதனால் பள்ளிக்கூடப் படிப்பெல்லாம் சரியாகக் கிடையாது, பார்த்துக்கொள்ள வைத்திருந்த தாதியோடு வெயில் அடிக்கும் நாடுகளில் சுற்றியே வளர்ந்தார். அந்தத் தாதி இலங்கையில் தேயிலைத் தோட்டம் வைத்திருந்த ஒருவரைக் கல்யாணம் செய்துகொள்ள, 1900இல் பதினாறு வயது கார்ட்னரும் கூடவே கிளம்பி மஸ்கெலியாவுக்கு வந்து சேர்ந்தார். மலையகத் தமிழர்கள் கொழுந்து பறித்துக்கொண்டிருந்த அதே மஸ்கெலியாதான். பத்து வருஷத்துக்கு மேல் இலங்கையில் இருந்துவிட்டு, இடையில் 1910இல் கொழும்பில் ஃப்ரீமேசன் என்ற, தீட்சையும் ரகசியச் சடங்குகளும் உள்ள ஆண்கள் சங்கத்தில் சேர்ந்து (இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேண்டும்), அப்புறம் போர்னியோ, அப்புறம் மலாயா. அங்கே ரப்பர் தோட்டம், பிறகு அரசாங்கத்தின் சுங்கத் துறை. போன இடமெல்லாம் உள்ளூர் மந்திரவாதிகள், ஆவி இறக்குபவர்கள், கிரிஸ் என்ற மலாய்க் கத்தியைப் பற்றிய நம்பிக்கைகள் என்று தேடித் தேடிப் பழகினார். மலாய் ஆயுதங்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார்.

1936இல் ஓய்வு பெற்று இங்கிலாந்து திரும்பினார். 1939 செப்டம்பரில், நாட்டின் தென்பகுதியில் உள்ள நியூ ஃபாரஸ்ட் வட்டாரத்தில் ரகசியமாக இயங்கிவந்த ஒரு சூனியக்காரிகள் குழு தனக்குத் தீட்சை கொடுத்தது என்று பிற்பாடு சொன்னார். கிறித்தவம் ஐரோப்பாவுக்கு வருவதற்கு முன்னால் இருந்த ஆதி மதம், சூனிய வேட்டைகளுக்கெல்லாம் தப்பிப் பிழைத்து இவர்கள் கையில் மிச்சமிருக்கிறது என்பது அவர் சொன்ன கதை. அந்தக் கதை வானத்திலிருந்து குதிக்கவில்லை. மார்கரெட் மர்ரே என்ற எகிப்தியல் அறிஞர் 1921லேயே, சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழைய மதத்தைப் பின்பற்றியவர்கள் என்று வாதிட்டிருந்தார். கார்ட்னர் அந்த வாதத்துக்கு உயிருள்ள சாட்சி மாதிரி வந்து நின்றார்.

1951 வரை அவரால் இதை வெளிப்படையாகப் பேச முடியவில்லை, காரணம் 1735ஆம் வருஷத்துச் சூனியச் சட்டம். வேடிக்கை என்னவென்றால் அந்தச் சட்டம் சூனியத்தைத் தடுக்க வந்ததே இல்லை. சூனியம் என்று ஒன்று கிடையாது, எனக்கு அந்தச் சக்தி இருக்கிறது என்று சொல்லி ஏமாற்றுகிறவர்களுக்குத் தண்டனை என்பதுதான் அதன் சாரம். அது நீக்கப்பட்டதும் கார்ட்னர் வாய் திறந்தார். 1954இல் புத்தகம் போட்டார், அதற்கு முன்னுரை எழுதியவர் அதே மர்ரே. பத்திரிகைகளுக்குப் பேட்டி கொடுத்தார், ஐல் ஆஃப் மேன் தீவில் சூனிய அருங்காட்சியகம் நடத்தினார். விளம்பரத்துக்குக் கூச்சப்படாத மனிதர், தாடியும் தலைமுடியும் பார்க்கவே ஏற்ற மாதிரி இருக்கும்.

சரி, அந்த ஆதி மதக் கதை உண்மையா? இல்லை. மர்ரேயின் வாதத்தை இன்று வரலாற்றாசிரியர்கள் ஏற்பதில்லை. விசாரணைப் பதிவுகளில் தனக்கு ஒத்துவந்த வரிகளை மட்டும் எடுத்து, ஒத்துவராததை விட்டுவிட்டார் என்பதைப் பிறகு வந்தவர்கள் மூலப் பதிவுகளைப் பார்த்துக் காட்டினார்கள். கார்ட்னரின் சடங்கு ஏட்டைப் பிரித்துப் பார்த்தாலும் அது எங்கெங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. மூன்று படிநிலை தீட்சையும் கண்ணைக் கட்டி அழைத்துவருவதும் ஃப்ரீமேசன்களிடமிருந்து. வட்டம் போடுவதும் கத்தியும் இடைக்கால மந்திர நூல்களிலிருந்து. கவித்துவமான பல பத்திகள் அலிஸ்டர் கிரௌலி என்ற பிரபல மந்திரவாதியின் எழுத்திலிருந்து. நியூ ஃபாரஸ்டில் ஏதோ ஒரு குழு இருந்திருக்கலாம், ஆனால் அதுவும் அந்தக் காலத்து மாய ஆர்வலர்கள் ஒன்றுகூடியதாக இருக்கலாமே தவிர, கற்காலத்திலிருந்து தொடர்ந்து வந்ததற்கு ஆதாரம் எதுவும் இல்லை.

இதை முதலில் கண்டுபிடித்தவர் ஒரு வரலாற்றாசிரியர் இல்லை, கார்ட்னரின் சொந்த சிஷ்யை. டோரீன் வாலியன்டே 1953இல் தீட்சை பெற்றார். சடங்கு வாசகங்களைக் கேட்டவுடனே, இது கிரௌலி எழுதியதாயிற்றே என்று நேரடியாகக் கேட்டுவிட்டார். உன்னால் இதைவிட நன்றாக எழுத முடிந்தால் எழுதிக்கொள் என்கிற மாதிரி கார்ட்னர் பதில் சொல்ல, அவர் நிஜமாகவே உட்கார்ந்து எழுதிவிட்டார். இன்று விக்காவில் தேவி பேசுவதாக வாசிக்கப்படும் புகழ்பெற்ற உரைநடை அவர் கைவண்ணம்தான். என்னைக் கேட்டால் விக்காவின் மூளை கார்ட்னர் என்றால் குரல் வாலியன்டே, அவர் இல்லாவிட்டால் இது ஒரு கிழவரின் பொழுதுபோக்குச் சங்கமாகவே முடிந்திருக்கும்.

புதிதாக உண்டாக்கியது என்பதால் விக்கா போலி என்று நான் சொல்லவில்லை. எல்லா மதமும் ஒரு நாள் யாரோ ஒருவர் தொடங்கியதுதான். இன்றைய விக்கன்களில் படித்தவர்கள் பெரும்பாலும் இந்த வரலாற்றை ஒத்துக்கொண்டுவிட்டார்கள், அதனால் அவர்கள் பௌர்ணமிச் சடங்கு ஒன்றும் நின்றுபோகவில்லை.

அந்தச் சடங்கில் என்னதான் நடக்கிறது? கோவன் என்று சொல்லப்படும் சிறு குழு, வழக்கப்படி அதிகபட்சம் பதின்மூன்று பேர். கோயில் கட்டடம் எதுவும் தேவையில்லை, வரவேற்பறை போதும், தோட்டம் இருந்தால் இன்னும் நல்லது. கறுப்புப் பிடி போட்ட அத்தாமே என்ற கத்தியால் காற்றிலேயே ஒரு வட்டம் வரைவார்கள். அந்தக் கத்தி எதையும் வெட்டுவதற்கு இல்லை, பலி கிடையாது. வட்டத்துக்குள் இருப்பது தெய்வங்களின் இடம். கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே நீர், வடக்கே நிலம் என்று நான்கு திசைகளையும் அழைப்பார்கள். பிறகு தேவியையும் தேவனையும். தேவி நிலவோடும் பூமியோடும் சேர்ந்தவள், தேவன் தலையில் கொம்புள்ளவன், காட்டுக்கும் வேட்டைக்கும் உரியவன். கொம்பைப் பார்த்துத்தான் சாத்தான் என்ற புரளியே கிளம்பியது. கடைசியில் பலகாரமும் வைனும் பகிர்ந்து சாப்பிட்டுவிட்டு, திசைகளுக்கு நன்றி சொல்லி வட்டத்தைக் கலைப்பார்கள். கார்ட்னர் காலத்தில் இதெல்லாம் ஆடையில்லாமல்தான் நடந்தது, அவர் நிர்வாண சங்கங்களில் ஆர்வமுள்ளவர். இன்றும் சில மரபுக் குழுக்களில் அது உண்டு, பெரும்பாலானோர் அங்கி போட்டுக்கொள்கிறார்கள்.

நடுவில் ஒரு முக்கியமான கட்டம் உண்டு, ‘நிலவை இறக்குதல்’ என்பார்கள். தலைமைப் பூசாரிணி அசையாமல் நிற்க, பூசாரி தேவியை அவள் மேல் வரும்படி அழைப்பார். அதன் பிறகு அவள் பேசுவது தேவியின் வாக்கு. அம்மன் கோயில் கொடையில் சாமியாடி அருள்வாக்கு சொல்வதைப் பார்த்த நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை, உடுக்கையும் வேப்பிலையும் இல்லை, அடக்கமாக, பெரும்பாலும் மனப்பாடம் செய்த வாசகத்தோடு நடக்கும், அவ்வளவுதான் வித்தியாசம். ஐரோப்பாவில் புராட்டஸ்டன்ட் சர்ச்சில் வளர்ந்து, கடவுள் எங்கோ மேலே இருக்கும் ஒரு தந்தை என்று கேட்டே பழகிய ஒரு பெண்ணுக்கு, தெய்வம் தன் உடம்பில் வந்து தன் வாயால் பேசும் என்பது எவ்வளவு பெரிய அதிர்ச்சியாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பின்னால் பெண்ணியவாதிகள் விக்காவைத் தேடி வந்ததற்கு இந்த ஒரு கட்டமே பாதிக் காரணம்.

வருஷத்துக்கு எட்டு பண்டிகைகள். பகல் மிக நீளமாகவும் மிகக் குட்டையாகவும் இருக்கும் இரண்டு நாள், பகலும் இரவும் சமமாகும் இரண்டு நாள், இவற்றுக்கு நடுவே நான்கு. அக்டோபர் 31இல் வரும் ‘சாவின்’ (Samhain) என்ற பண்டிகை இறந்தவர்களை நினைக்கும் நாள், மே மாதத் தொடக்கத்தில் வரும் பெல்டேன் நெருப்பும் காதலும். தனித்தனியாகப் பார்த்தால் இவற்றில் சில மிகப் பழைய ஐரிஷ், ஸ்காட்டிஷ் விழாக்கள்தான், ஆனால் எட்டையும் சேர்த்து ஒரே சக்கரமாகக் கொண்டாடும் வழக்கம் 1950களில் வந்தது, மாபோன், லித்தா மாதிரியான பண்டிகைப் பெயர்கள் 1970களில் அமெரிக்காவில் ஒட்டிக்கொண்டவை. ஆஸ்திரேலிய விக்கன்கள் நாட்காட்டியைத் தலைகீழாகத் திருப்பி வைத்துக்கொள்கிறார்கள், அங்கே டிசம்பரில் கோடைகாலம்.

மந்திரம், வசியம்? உண்டு. வேலை கிடைக்க, உடம்பு குணமாக, வீட்டைக் காக்க என்று செய்கிறார்கள். யாருக்கும் தீங்கு வராதவரை உன் விருப்பப்படி செய் என்பது அவர்களின் ஒரே பெரிய விதி, செய்தது மூன்று மடங்காகத் திரும்பிவரும் என்ற நம்பிக்கையும் பலரிடம் உண்டு. பலிக்குமா என்று கேட்டால், எனக்கு அதில் நம்பிக்கை இல்லை, ஆனால் அவர்களில் பலரே இதை மனதைத் திருப்பும் ஒரு பயிற்சி என்றுதான் விளக்குகிறார்கள்.

இனி பெண்கள் பக்கம். கார்ட்னரின் கோவனில் பெண் பூசாரிதான் தலைவி, இது 1950களுக்குப் பெரிய விஷயம். ஆனால் 1957இல், வாலியன்டேயும் மற்றவர்களும் அவருடைய விளம்பர மோகத்தைக் கேள்வி கேட்டபோது, திடீரென்று ‘பழைய சட்டங்கள்’ என்று ஒரு பட்டியலை எடுத்து நீட்டினார். அதில் ஒரு விதி, வயதான பூசாரிணி இளையவளுக்கு வழிவிட்டுக் கௌரவமாக ஒதுங்கிக்கொள்ள வேண்டும் என்றது. அதுவரை யாரும் கேள்விப்படாத பழைய சட்டம்! வாலியன்டே தன் ஆட்களோடு வெளியேறிவிட்டார். தேவியை நடுவில் வைப்பதும் பெண்ணுக்கு அதிகாரம் கொடுப்பதும் ஒன்றில்லை என்பது விக்காவின் முதல் பத்து வருஷத்திலேயே வெளியே தெரிந்துவிட்டது. அதோடு ஆண், பெண் ஜோடியாகத்தான் சக்தி பிறக்கும் என்ற கொள்கை வேறு. ஒருபாலீர்ப்பு உள்ளவர்களுக்கு அந்தக் காலத்து விக்காவில் இடமில்லை.

அமெரிக்காவுக்கு 1960களில் விக்கா போனபோது அங்கே சூழ்நிலை வேறாக இருந்தது. 1968 ஹாலோவீன் அன்று நியூயார்க்கில் சில பெண்ணியப் போராளிகள் சூனியக்காரி வேஷம் போட்டுக்கொண்டு வால் ஸ்ட்ரீட்டுக்குச் சாபம் விட்டார்கள். அது மதம் இல்லை, தெருநாடகம். ஆனால் சூனியக்காரி என்பவள் அடங்காத பெண், அதனால்தான் கொல்லப்பட்டாள் என்ற எண்ணம் அப்போதே பரவத் தொடங்கிவிட்டது. ஹங்கேரியில் பிறந்து, 1956 புரட்சி நசுக்கப்பட்ட பிறகு நாட்டை விட்டு வந்த சுசானா புடாபெஸ்ட் என்பவர் 1971இல் லாஸ் ஏஞ்சல்ஸில் ஒரு கோவனைத் தொடங்கினார், பெண்களின் வாக்குரிமைக்குப் போராடிய சூசன் பி. ஆன்டனியின் பெயரை அதற்கு வைத்தார். பெண்கள் மட்டும், தேவி மட்டும், கொம்புள்ள தேவனுக்கு விடை கொடுத்தாயிற்று. டயானிக் விக்கா என்ற கிளை இங்கிருந்துதான் பரவியது. 1975இல் மாறுவேஷத்தில் வந்த ஒரு பெண் போலீஸுக்கு டாரட் சீட்டு பார்த்துச் சொன்னதற்காக, குறி சொல்வதைத் தடைசெய்யும் சட்டத்தில் சுசானாவைக் கைது செய்தார்கள்.

சுசானாவிடமும் வேறு ஆசிரியர்களிடமும் கற்ற ஸ்டார்ஹாக் என்பவர் 1979இல் எழுதிய ‘தி ஸ்பைரல் டான்ஸ்’ இந்த வழியை வீடு வீடாகக் கொண்டுபோனது. அவர் ஆண்களை ஒதுக்கவில்லை. அவரும் நண்பர்களும் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கிய ரீக்ளெய்மிங் அமைப்பில் தலைவர் கிடையாது, எல்லாம் கலந்து பேசித்தான் முடிவு. 1981இல் கலிஃபோர்னியாவின் டயாப்ளோ கேன்யன் அணுமின் நிலையத்தை மறித்தவர்களில் இவர்களும் இருந்தார்கள். பூமியே தேவியின் உடம்பு என்று நம்புகிறவர்கள் அணு உலைக்கு எதிரே போய் உட்காருவதில் ஆச்சரியம் இல்லை.

இதன் பின்னால் இருந்த சிந்தனையைத் தெளிவாகச் சொன்னவர் கேரல் கிறைஸ்ட் என்ற இறையியலாளர், பெயரைப் பார்த்துச் சிரிக்காதீர்கள், நிஜப் பெயர்தான். பெண்களுக்குத் தேவி எதற்காகத் தேவை என்று 1978இல் சாண்டா குரூஸ் பல்கலைக்கழகத்தில் ஓர் உரை ஆற்றினார். மதத்தை மூளை நிராகரித்தாலும் அதன் படிமங்கள் மனதுக்குள் வேலை செய்துகொண்டே இருக்கும், கஷ்டகாலத்தில் திரும்பி வந்து நிற்கும், அந்த இடத்தைக் காலியாக விட முடியாது என்பது அவர் வாதம். ஆண் கடவுள் ஒருவரையே பார்த்து வளரும் பெண், அதிகாரம் என்றாலே தனக்கு வெளியே, ஓர் ஆணிடம் இருப்பது என்று பழகிவிடுகிறாள். பெண் உடம்பு, மாதவிடாய், பிரசவம், முதுமை எல்லாவற்றையும் அழுக்கு என்றோ பாவம் என்றோ சொல்லும் மரபுக்குள் நின்றுகொண்டு, இது புனிதம் என்று சொல்ல ஒரு படிமம் வேண்டும். அந்தத் தேவி நிஜமாகவே இருக்கிறாளா? சிலருக்கு அவள் பிரார்த்தனை கேட்கும் தெய்வம், சிலருக்குப் பிறப்பும் இறப்பும் சுழலும் இயற்கையின் பெயர், சிலருக்குத் தன் பலத்துக்குத் தானே வைத்த அடையாளம். மூன்றும் சேர்ந்தே இருக்கலாம் என்று விட்டுவிட்டார் கிறைஸ்ட். நம்பிக்கை அறிக்கையில் கையெழுத்து போட்டால்தான் உள்ளே வரலாம் என்ற மதங்களில் வளர்ந்தவர்களுக்கு இது பெரிய விடுதலையாக இருந்திருக்கும்.

ஆனால் கார்ட்னர் செய்த அதே தவறை இவர்களும் செய்தார்கள், வரலாற்றை இஷ்டத்துக்கு நீட்டினார்கள். ஐரோப்பாவில் தொண்ணூறு லட்சம் சூனியக்காரிகள் எரிக்கப்பட்டார்கள் என்ற கணக்கு எழுபதுகளில் எங்கும் புழங்கியது. பதினெட்டாம் நூற்றாண்டில் ஒரு ஜெர்மானியர் தன் ஊர்க் கணக்கைப் பெருக்கிப் போட்ட எண் அது. வரலாற்றாசிரியர்கள் இன்று சொல்வது சுமார் 40,000 முதல் 60,000 வரை, அதில் முக்கால்வாசிப் பேர் பெண்கள், இங்கிலாந்தில் அவர்களை எரிக்கவில்லை, தூக்கிலிட்டார்கள். அம்பதாயிரம் பேரைக் கொன்றதே போதுமான கொடுமை இல்லையா, அதற்கு எதற்கு ஊதிப் பெருக்கிய எண்? இன்னொன்று, ஆதிகாலத்தில் உலகம் முழுக்கத் தேவியை வணங்கிய, போர் இல்லாத, பெண்வழிச் சமூகம் இருந்தது, பிறகு குதிரை ஏறி வந்த ஆண்தெய்வக்காரர்கள் அதை அழித்தார்கள் என்ற கதை. இதற்குப் பலம் சேர்த்தவர் லித்துவேனியாவில் பிறந்த தொல்லியல் அறிஞர் மரியா கிம்பூட்டஸ். இதில் பாதி சுவாரசியமாக அவர் பக்கம் திரும்பியிருக்கிறது: புல்வெளி நாடுகளிலிருந்து ஐரோப்பாவுக்குப் பெரிய குடிபெயர்ச்சி நடந்தது என்பதை 2015இல் வந்த பழங்கால மரபணு ஆய்வுகள் உறுதிப்படுத்தின. ஆனால் மண்ணில் கிடைத்த பெண் பொம்மை ஒவ்வொன்றும் மகாதேவி, அதனால் அங்கே பெண்கள் கையில்தான் அதிகாரம் என்ற மீதிப் பாதிக்குத் தொல்லியலாளர்கள் பெரும்பாலும் தலையாட்டுவதில்லை.

அந்த மீதிப் பாதியை நம்புவதற்கு நம்மாலும் முடியாது, நமக்குக் காரணமும் தெரியும். தெருவுக்குத் தெரு அம்மன் இருக்கும் நாட்டில் பெண்ணின் நிலை என்ன என்று நாம் தினமும் பார்க்கிறோம். இந்தப் பெண்ணிய ஆன்மிகம் நம் பக்கம் கை நீட்டவும் செய்தது. 1972இல் வந்த அமெரிக்கப் பெண்ணிய இதழான மிஸ், தன் முதல் அட்டையிலேயே நீல நிற உடம்பும் எட்டுக் கைகளுமாக ஒரு பெண்ணை வரைந்தது, கைகளில் வாணலி, இஸ்திரிப் பெட்டி, தட்டச்சு இயந்திரம், தொலைபேசி. கலிஃபோர்னியச் சடங்குகளில் காளி பெண்ணின் கோபத்துக்கு அடையாளமாக வந்து உட்கார்ந்தாள், எகிப்தின் ஐசிஸ், கிரேக்கத்தின் ஹெகேட், சுமேரியாவின் இனன்னா என்ற பழைய தேவிகளின் வரிசையில் அவளும் ஒரு பெயர். மந்திரமும் படையலும் பூசாரியும் ஊரும் இல்லாத காளி. இது திருட்டு என்று சிலர் கொதிக்கிறார்கள். எனக்கு அவ்வளவு கோபம் வரவில்லை, காளி யாருடைய அனுமதியும் கேட்டு ஊர் மாறியவள் இல்லை, ஆனால் அவளைப் பரம்பரையாகக் கும்பிடுகிறவர்களிடம் ஒரு வார்த்தை கேட்காமலே அவளுக்கு அர்த்தம் எழுதியது சரியில்லை.

உள்ளுக்குள்ளும் சண்டை ஓயவில்லை. பெண்கள் மட்டும் என்றால் யார் பெண்? 2011இல் கலிஃபோர்னியாவின் சான் ஹோசேயில், பேகன்கள் (விக்கா மாதிரி, கிறித்தவத்துக்கு முந்தைய மரபுகளைத் தழுவிய புதிய மதங்களைச் சேர்ந்தவர்கள்) கூடிய பேந்தியாகான் மாநாட்டில், டயானிக் குழுவின் ஒரு சடங்கில் திருநங்கைகளை உள்ளே விடாததும் சுசானா அதை நியாயப்படுத்தியதும் பெரிய பிளவாக வெடித்தது. பலர் எதிர்ப்பக்கம் நின்றார்கள், இன்று புதிதாக வரும் இளைஞர்களும் பெரும்பாலும் அந்தப் பக்கம்தான்.

எண்ணிக்கை என்று பார்த்தால் சின்ன மதம்தான். 2021 கணக்கெடுப்பில் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பேகன் என்று எழுதியவர்கள் சுமார் 74,000, விக்கா என்றே எழுதியவர்கள் சுமார் 13,000. அமெரிக்காவில் 1986இல் ஒரு மேல்முறையீட்டு நீதிமன்றம் விக்காவை மதமாக ஏற்றது, 2007இலிருந்து ராணுவக் கல்லறைகளில் வட்டத்துக்குள் ஐந்துமுனை நட்சத்திரத்தைப் பொறிக்கலாம், அதற்கு முன் ஆப்கானிஸ்தானில் இறந்த ஒரு வீரரின் மனைவி அரசாங்கத்தோடு போராட வேண்டியிருந்தது.

இன்றைக்கு விக்கன்களில் ஏராளமானோர் எந்தக் கோவனிலும் இல்லை. எண்பதுகளின் கடைசியில் தனியாளாகச் செய்வதற்கான கையேடுகள் வரத் தொடங்கியதும் தீட்சை இல்லாமலே தானே தொடங்கிக்கொள்ளலாம் என்றாகிவிட்டது. பழைய மரபுக்காரர்கள் முகம் சுளிப்பார்கள், அவர்களைப் பொறுத்தவரை குறைந்தது ஒரு வருஷமும் ஒரு நாளும் கற்ற பிறகுதான் தீட்சை. அதே மரபுக்காரர்கள் தீட்சைக்குக் காசு வாங்கக் கூடாது என்பதிலும் கறாராக இருப்பவர்கள், ஆகவே இணையத்தில் யாராவது மூன்றே வாரத்தில் உங்களைப் பூசாரிணி ஆக்குகிறேன், இவ்வளவு டாலர் கட்டுங்கள் என்று சொன்னால் அது கார்ட்னர் வழியும் இல்லை, ஸ்டார்ஹாக் வழியும் இல்லை, வெறும் வியாபாரம்.